தண்டையார்பேட்டைப் பிள்ளைகளுக்கு ஐஸ் ஸ்கேட்டிங்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொறுப்பில் இருக்கிறேன். காசிமேட்டில் படகுக்குப் போகிறவர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், துறைமுகத்தில் கூலி வேலை பார்ப்பவர்கள் என்று பலதரப்பட்ட குடும்பங்கள் எங்கள் தெருக்களில் வசிக்கின்றன. கோடை விடுமுறையில் ஒரு வணிக வளாகத்தில் போட்டிருந்த சிறிய ஐஸ் ஸ்கேட்டிங் தளத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனோம். அன்றிலிருந்து அதே பேச்சு. ஏழு முதல் பதின்மூன்று வயது வரை முப்பது பேர் சேரத் தயாராக இருக்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் செயற்கை ஐஸ் பலகைகளைப் பதித்துத் தருவதாக ஒரு நிறுவனத்தார் சொல்கிறார்கள். ஆறு லட்சம் ரூபாய் ஆகுமாம், பாதி முன்பணம். பெற்றோரிடம் தலைக்குப் பத்தாயிரம் வாங்கலாமா என்று சங்கத்தில் யோசிக்கிறார்கள். பக்கத்து மாநகராட்சிப் பள்ளியில் சிமெண்டுக் கூடைப்பந்துத் தளம் இருக்கிறது. காலையில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்கிறார் தலைமையாசிரியை. பெண்பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுவார்களோ என்ற கவலையும் எனக்கு உண்டு. வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முன்பணம் கொடுக்காதீர்கள். மற்றவற்றைப் பேசுவதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

அந்த நிறுவனத்தார் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. செயற்கை ஐஸ் என்பது உண்மையில் உள்ள பொருள்தான். கெட்டியான பாலிஎத்திலீன் பலகைகளை ஒன்றோடொன்று கோத்து விரிப்பார்கள். அதன்மேல் ஐஸ் ஸ்கேட்டிங்குக்கான எஃகு பிளேடு ஷூவையே போட்டுக்கொண்டு சறுக்கலாம். ஆனால் நிஜ ஐஸைவிட உராய்வு அதிகம், அதனால் பிளேடு சீக்கிரம் மழுங்கும். மழுங்கினால் சாணை பிடிக்க வேண்டும். ஐஸ் பிளேடுக்குச் சாணை என்பது கத்திக்குப் பிடிப்பது போன்றதல்ல. அடிப்பக்கம் நெடுக ஒரு மெல்லிய பள்ளம் எடுத்து, இரு ஓரங்களையும் சம உயரத்தில் நிறுத்த வேண்டும். அதற்கான இயந்திரமும் பழகிய கையும் வேண்டும். உங்கள் பக்கத்தில் அதைச் செய்து தர யார் இருக்கிறார்கள் என்று அவர்களிடம் கேளுங்கள். பலகையை வெயில் படும் இடத்தில் போட்டால் இன்னொரு தொல்லை. இந்த வகைப் பிளாஸ்டிக் பத்து மீட்டர் நீளத்துக்கு 20 டிகிரி சூடு ஏறினால் சுமார் மூன்று சென்டிமீட்டர் நீளும். மே மாதத்தில் பலகைகள் முட்டிக்கொண்டு எழும்பும், மார்கழியில் இடைவெளி விடும். அந்த இடைவெளியில் பிளேடு மாட்டினால் பிள்ளையின் கணுக்கால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மண்டபத்துக்குள் என்றால் வெயில் தொல்லை இல்லை. ஆனால் முகூர்த்த நாள்தோறும் பலகையைக் கழற்றி அடுக்க வேண்டும். ஆறு லட்சம் போட்டு வாங்கிய பொருள் வருடத்தில் பாதி நாள் சுவரோரம் சாய்ந்திருக்கும்.

நிஜ ஐஸ் தளம் ஏன் முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், சங்கத்தில் யாராவது கேட்பார்கள். கான்கிரீட்டுக்குள் குழாய் வரிசைகளைப் பதித்து, அவற்றில் உறையாத குளிர் திரவத்தை ஓடவிட்டு, மேலே நீரை மெல்லிய படலங்களாகத் தெளித்து மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு உறைய வைப்பார்கள். மேற்பரப்பு பூஜ்யத்துக்கு ஐந்து டிகிரி கீழே நிற்க வேண்டும். வகுப்புக்கு முப்பது பேர் வந்தாலும் ஒருவரும் வராவிட்டாலும் குளிரூட்டும் எந்திரம் இரவும் பகலும் ஓடியாக வேண்டும், நிறுத்தினால் தளமே போய்விடும். கடலோர ஊரில் இதோடு ஈரப்பதமும் சேர்கிறது. வெளிக்காற்றின் ஈரம் உள்ளே வந்தால் ஐஸின்மேல் வெண்பூச்சாகப் படியும், தளத்தின்மேல் மூடுபனி நிற்கும். காற்றை உலர்த்த இன்னோர் எந்திரம் வேண்டும். டேராடூனில் 2011-இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக அரசே கட்டிய அரங்கம் நெடுங்காலம் பூட்டிக் கிடந்து 2025-இல்தான் மறுபடி திறந்தது. அரசாங்கத்துக்கே அந்த நிலை என்றால் ஒரு நலச் சங்கம் எப்படித் தாங்கும்? சிம்லாவில் 1920-இலிருந்து ஒரு தளம் இருக்கிறது. மாலையில் நீர் தெளித்தால் இரவுக் குளிரில் தானாக உறைந்துவிடும். அது அந்த மலைக்குக் கிடைத்த வரம்.

சங்கத்தாரிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு ஐஸ் ஸ்கேட்டிங் கற்றுத்தரும் ஊர்ச் சங்கங்கள் கனடாவில் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவற்றை நடத்துவது பெற்றோரே. தளம் நகராட்சியுடையது, சங்கம் அதை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறது, அவ்வளவுதான். ஐஸுக்குப் பஞ்சமே இல்லாத ஊரிலேயே சங்கங்கள் ஐஸைச் சொந்தமாக வைத்துக்கொள்வதில்லை. அவர்கள் பணத்தைப் போடுவது பயிற்சியாளருக்கு, பாடத்திட்டத்துக்கு, உதவிக்கு நிற்கும் பெரிய பிள்ளைகளுக்கு. நீங்களும் அங்கேதான் போட வேண்டும். தளம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அந்தக் கூடைப்பந்துத் தளம்.

சக்கரத்தில் தொடங்குங்கள். ஐஸ் கிடைக்கவில்லை என்பதால் கொடுக்கிற மாற்றுப் பொருளாக இதைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள், ஏனென்றால் அது உண்மையில்லை. ஒரே வரிசையில் சக்கரம் பதித்த இன்லைன் ஷூவில் பழகியவர்கள் ஐஸுக்குப் போய் ஒலிம்பிக் தங்கம் வென்றிருக்கிறார்கள். அமெரிக்காவின் எரின் ஜாக்சன் இன்லைன் வீராங்கனையாக இருந்தவர். 2017-இல்தான் ஐஸுக்கு முழுமூச்சாக வந்தார், 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 500 மீட்டர் தங்கம் அவருடையது. அதே ஒலிம்பிக்கில், எல்லாரும் ஒன்றாகக் கிளம்பி ஓடும் மாஸ் ஸ்டார்ட் பந்தயத்தை வென்ற பெல்ஜியத்தின் பார்ட் ஸ்விங்ஸும் இன்லைனில் உலகப் பட்டங்கள் வென்றவர். நம் சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில் 1000 மீட்டரிலும் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம் வென்றது சக்கரத்தின் மேல்தான். முழங்காலை மடக்கி நிற்பது, எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுவது, பக்கவாட்டில் தள்ளுவது என்று ஐஸில் தேவைப்படுவதில் பெரும்பகுதி சிமெண்டுத் தரையிலேயே வந்துவிடும்.

இனி ஷூ. உங்கள் முயற்சி நிற்குமா விழுமா என்பது இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் ஊரில் ஸ்கேட்டிங் வகுப்பு என்றாலே முதல் நாள் ஷூ வாங்கி வரச் சொல்வார்கள். வாங்க முடியாத பிள்ளை அன்றைக்கே நின்றுவிடும். வாங்கிய பிள்ளைக்கும் அடுத்த வருடம் கால் வளர்ந்துவிடும். வடசென்னையில் கேரமும் கால்பந்தும் குத்துச்சண்டையும் எப்படி வேரூன்றின என்று பாருங்கள். மன்றத்தில் ஒரு பலகை, தெருவுக்கு ஒரு பந்து, கூடத்தில் நாலைந்து ஜோடி கையுறை. யாரும் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா இந்தப் பக்கத்துப் பெண். ஸ்கேட்டிங்கும் இங்கே அப்படித்தான் வேரூன்ற முடியும். ஷூ சங்கத்துடையதாக இருக்க வேண்டும்.

முப்பது பேருக்கு முப்பது ஜோடி தேவையில்லை. கூடைப்பந்துத் தளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். புதிதாகப் பழகும் பிள்ளைகள் அதில் பதினைந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் ஓடினால் மோதிக்கொள்வார்கள். ஆகவே இரண்டு அணி, பதினெட்டு ஜோடி. கூடுதல் மூன்று ஜோடி அளவு பொருந்தாத காலுக்கும் பழுதுக்கும். திருகியோ அழுத்தியோ மூன்று நான்கு அளவுக்கு நீட்டக்கூடிய இன்லைன் ஷூக்கள் கிடைக்கின்றன, அவற்றையே வாங்குங்கள். சக்கரத்தின் ஓட்டமும் வளையாமல் நிற்கும் கணுக்கால் பகுதியும் பார்த்து வாங்க வேண்டும். பளபளக்கும் விளக்குச் சக்கரத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஒவ்வொன்றிலும் பெயிண்டில் எண் எழுதுங்கள், எந்தப் பிள்ளைக்கு எந்த எண் என்று ஒரு நோட்டு இருக்கட்டும். காலுறை அவரவர் வீட்டிலிருந்து வர வேண்டும். ஹெல்மெட்டும் பொதுவாகத்தான் இருக்கும் என்பதால், அதற்குள் கட்டிக்கொள்ள ஆளுக்கொரு பருத்தித் துணி கொண்டுவரச் சொல்லுங்கள். பேன் தொற்றியது என்று ஒரு தாய் கோபித்துக்கொண்டால் நாலு பிள்ளைகள் நின்றுவிடுவார்கள்.

கடற்காற்றில் பேரிங் துருப்பிடிக்கும். வகுப்பு முடிந்ததும் ஷூவை உலர்ந்த துணியால் துடைத்துக் காற்றாட வைக்க வேண்டும், சாக்கில் கட்டிப் போடக் கூடாது. தண்ணீரில் கழுவவே கூடாது. எப்போதாவது ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் போதும். ஸ்கேட்டிங் சக்கரத்தில் இருப்பது 608 எண் பேரிங். எத்தனையோ சிறு இயந்திரங்களில் இருப்பதும் அதுவேதான், ஆகவே பாரிமுனைப் பக்கத்துப் பேரிங் கடைகளில் கேட்டுப் பாருங்கள், விளையாட்டுச் சாமான் கடைக்கு அலைய வேண்டியிருக்காது. தெருவில் மெக்கானிக் வேலை தெரிந்த ஓர் அண்ணனை இதற்குப் பொறுப்பாக வையுங்கள். இந்த வேலையைக் கௌரவமாக நினைத்துச் செய்கிற ஒருவர் இருந்தால் ஷூக்கள் பல வருடம் உழைக்கும்.

பாடத்துக்கு வருவோம். முதல் வாரம் யாரையும் ஓடவிடாதீர்கள். முதலில் ஷூவே இல்லாமல் விழக் கற்றுக்கொடுங்கள். முழங்காலை மடக்கி, உடலைத் தாழ்த்தி, பக்கவாட்டில் தொடை பட விழ வேண்டும். பின்னால் மட்டும் விழவே கூடாது, தலை அடிபடுவது அப்படித்தான். எழுந்திருக்கும்போது நான்கு காலில் வந்து, ஒரு பாதத்தை இரு கைகளுக்கும் நடுவில் ஊன்றி, அந்த முழங்காலில் கையழுத்தி எழ வேண்டும். பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்து எழும் பழக்கத்தை முதல் நாளே தடுத்துவிடுங்கள், இருவரும் சேர்ந்து விழுவார்கள். பிறகு ஷூவுடன் நின்ற இடத்திலேயே கால் மாற்றி மிதிப்பது, நாலடி நடந்து இரு காலில் சறுக்கி நிற்பது, கால்களை விரித்து மறுபடி சேர்த்துத் தரையில் மீன் வடிவத் தடம் போடுவது, ஒற்றைக் காலில் மூன்று எண்ணும்வரை போவது என்று நகருங்கள். பின்காலைக் குறுக்கே வைத்து உரசி நிறுத்தும் டி ஸ்டாப் வராத பிள்ளையை அடுத்த படிக்கு ஏற்றாதீர்கள். வேகம் தானாக வரும். நிற்பது சொல்லிக்கொடுத்தால்தான் வரும், அதற்குப் பொறுமை வேண்டும். பெற்றோர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ‘இன்னும் வேகமா’ என்று கத்தினால் தயங்காமல் வெளியே அனுப்புங்கள்.

வயதுவாரியாகப் பிரிக்காமல் தேர்ச்சிவாரியாகப் பிரியுங்கள். பதின்மூன்று வயதுப் பையனுக்குச் சிறு பிள்ளைகளுடன் நிற்க வெட்கமாக இருந்தால் அவனை உதவியாளனாக ஆக்கிவிடுங்கள், விழுந்த குழந்தையைத் தூக்கிவிட்டுக்கொண்டே அவனும் கற்றுக்கொள்வான். கனடாவின் கேன்ஸ்கேட் பாடத்திட்டம் சமநிலை, கட்டுப்பாடு, சுறுசுறுப்பு என்று மூன்று கிளைகளாகப் பிரித்து ஆறு நிலைகள் வைத்திருக்கிறது. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பேட்ஜ். அந்த பேட்ஜுக்காகப் பிள்ளைகள் உயிரைக் கொடுத்துப் பழகுவார்கள். நீங்களும் துணியில் தைத்துக் கொடுக்கலாம். வரிசையில் நிற்க வைத்து ஒவ்வொருவராக ஓடச் சொல்லும் வகுப்பு எனக்குச் சிறிதும் பிடிக்காது. ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளை ஐந்து நிமிடம்தான் சறுக்கியிருக்கும். தளத்தை நான்கு மூலையாகப் பிரித்து, மூலைக்கு ஒரு பயிற்சி வைத்து, எல்லாரையும் சுற்ற விடுங்கள். பயிற்சியாளர் ஒருவர் எட்டுப் பத்துப் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது, ஆகவே அணிக்கு ஒரு பயிற்சியாளரும் பழகிய இளைஞர்கள் இருவரும் வேண்டும்.

காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டுக்குள் இரண்டு அணியையும் முடித்துவிடுங்கள், அதற்குமேல் சிமெண்டுத் தரை சூடேறிவிடும். வகுப்புக்கு முன் தளத்தைப் பெருக்குவது கட்டாயம். ஒரு சிறு கல் சக்கரத்தில் சிக்கினால் பிள்ளை முகம் குப்புற விழும். தரை ஈரமாக இருந்தால் அன்று வகுப்பு இல்லை, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என்பதால் அந்த மாதங்களில் ஷூ இல்லாத பயிற்சியை வகுப்பறை வராந்தாவில் வையுங்கள்: ஒற்றைக் காலில் நிற்பது, பக்கவாட்டில் தாவுவது, கால் பலத்துக்கு உட்கார்ந்து எழுவது. தலைமையாசிரியை வாய்வார்த்தையாகச் சொன்னது போதாது, மாநகராட்சிக் கல்வித் துறையின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். அவர் மாறுதலாகிப் போனால் உங்கள் வகுப்பும் போய்விடக் கூடாது.

ஹெல்மெட், முழங்கை, முழங்கால், மணிக்கட்டுக் கவசம் நான்கும் இல்லாமல் யாரும் தளத்தில் இறங்கக் கூடாது. சக்கரத்தில் அதிகம் அடிபடுவது மணிக்கட்டு. வீங்கினால் இழுத்து நீவிவிடாதீர்கள், அட்டையை வைத்து அசையாமல் கட்டி ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தலையில் அடிபட்ட பிள்ளை வாந்தி எடுத்தாலோ தூக்கக் கலக்கமாக இருந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

பெண்பிள்ளைகள் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. அவர்கள் ஆர்வம் குறைந்து நிற்பதில்லை, நாம் செய்து தராதவற்றால் நிற்கிறார்கள். திறந்திருக்கும் கழிப்பறை வேண்டும். என்ன உடை என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும், லெக்கிங்ஸும் முழுக்கை டி-ஷர்ட்டும் போட்டுக்கொண்டு தாராளமாகச் சறுக்கலாம், துப்பட்டாவும் தொங்கும் துணியும் மட்டும் கூடாது. முதல் அணி ஆறு மணிக்கு என்றால் இருட்டில் தனியாக நடந்து வர வேண்டியிருக்கும், ஆகவே அவர்களை இரண்டாம் அணியில் போடுங்கள். உதவியாளர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். எந்தப் பிள்ளையும் எந்தப் பயிற்சியாளருடனும் தனியாக இருக்கும்படி நேரக் கூடாது, எப்போதும் பெரியவர்கள் இருவர் தளத்தில் இருக்க வேண்டும். ஆண் பெண் எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐச் சுவரில் எழுதி வையுங்கள். படிப்பு கெடும் என்று சொல்லும் வீடுகளில் ஆரத்தி கஸ்தூரிராஜைப் பற்றிச் சொல்லுங்கள். சென்னையில் மருத்துவராக இருந்துகொண்டே 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஸ்பீடு ஸ்கேட்டிங் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வென்ற அணியில் இருந்தவர்.

பணம். தலைக்குப் பத்தாயிரம் என்றால் உங்கள் முப்பது பேரில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? மாதக் கட்டணமாகச் சிறு தொகை வையுங்கள், முடியாதவர்களுக்கு அதுவும் வேண்டாம், யார் கொடுத்தார் யார் கொடுக்கவில்லை என்பது பொருளாளரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகும் வீடுகளில் அந்த இரண்டு மாதம் கையில் காசு இருக்காது. அந்த மாதங்களில் யாரிடமும் கட்டணம் கேட்காதீர்கள். பள்ளி விடுமுறையும் அப்போதுதான் வரும், பிள்ளைகள் தினமும் வரக்கூடிய காலம் அது. வருடத்துக்குப் பத்து மாதக் கட்டணம் என்றே முதலில் கணக்குப் போட்டுவிடுங்கள். ஷூ வாங்கும் பணத்துக்குத் தனியார் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கலாம், மணலியிலும் எண்ணூரிலும் பெரிய ஆலைகள் இருக்கின்றன. கேட்கப் போகும்போது சங்கம் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும், சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கும் தணிக்கை செய்த கணக்கும் இருக்க வேண்டும். தனிநபர் கணக்கில் ஒரு ரூபாயும் வாங்க வேண்டாம்.

ஐஸை மறந்துவிடச் சொல்லவில்லை. டி ஸ்டாப்பும் ஒற்றைக்கால் ஓட்டமும் வந்துவிட்ட பிள்ளைகளை, நகரில் எங்காவது ஐஸ் தளம் போட்டிருக்கும் நேரத்தில், கூட்டமில்லாத வார நாள் காலையில் அழைத்துப் போங்கள். குழுவாகப் போனால் ஒரு மணி நேரத்துக்கு மொத்த வாடகை பேசலாம். சக்கரத்துக்கும் பிளேடுக்கும் உள்ள வேறுபாட்டை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பிளேடுக்கு உள்ளோரம், வெளியோரம் என்று இரு விளிம்புகள் உண்டு, எந்த விளிம்பில் சாய்கிறோமோ அந்தப் பக்கம் வளையும். கால்களை விரித்து, குதிகாலை வெளியே தள்ளி, ஐஸைச் சுரண்டி நிற்க வேண்டும், சக்கரத்தில் அந்தச் சுரண்டல் கிடையாது. சக்கரத்தில் நன்றாக ஓடும் பிள்ளைக்குத்தான் முதல் பத்து நிமிடம் ஆபத்து: வேகம் எடுத்துவிடும், நிறுத்தத் தெரியாது. வாடகை ஷூவில் கணுக்கால் ஆடாமல் நாடாவை இறுக்கிக் கட்டுங்கள், ஒரு ஜோடி மெல்லிய காலுறை போதும். கையுறை கட்டாயம். விழுந்ததும் விரல்களை மடக்கி முஷ்டியாக வைத்துக்கொள்ள வேண்டும், பக்கத்தில் போகிறவர் பிளேடு விரல்மேல் ஏறாமல் இருக்க. கைப்பிடிச் சுவரைப் பிடித்தே சுற்றும் பிள்ளை ஒரு மணி நேரத்தில் எதையும் கற்காது, மெதுவாக நடுவுக்கு அழைத்து வாருங்கள்.

ஒரு வேலை இந்த வாரமே செய்யுங்கள். கூடைப்பந்துத் தளத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். சாய்வு இருந்தால் புதிய பிள்ளைகள் ஏறுமுகமாகத் தொடங்கும்படி வகுப்பை அமைக்க வேண்டும். வெடிப்புகளைச் சிமெண்டுக் கலவையால் அடைக்க வேண்டும், கம்பத்தின் அடியில் பழைய மெத்தையைச் சுற்றிக் கட்ட வேண்டும். தரையின் படங்களையும் முப்பது பிள்ளைகளின் கால் அளவுகளையும் எனக்கு அனுப்புங்கள். எந்த அளவில் எத்தனை ஜோடி என்று பட்டியல் போட்டுத் தருகிறேன்.